காவிரிக் கரையிலிருந்து ஓவியக் கல்லூரிக்கு: ஒரு முழுமையான வழிகாட்டி

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு யாராவது வந்துவிடுவார்கள். கையில் சுருட்டிய சார்ட் பேப்பர், கூடவே அப்பாவோ மாமாவோ. சார்ட்டைப் பிரித்தால் பெரும்பாலும் அப்துல் கலாம், இல்லையென்றால் ஒரு நடிகர், இல்லையென்றால் முருகன். போட்டோவில் கட்டம் போட்டு, பேப்பரிலும் கட்டம் போட்டு, மூன்று நாள் உட்கார்ந்து ஷேடிங் செய்த படம். நன்றாகவே இருக்கும். "சார், இவனை ஓவியக் கல்லூரியில் சேர்க்கலாமா?" என்று அப்பா கேட்பார். நான் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த சொம்பைத் திண்ணையில் வைத்து, "தம்பி, இதை வரைப்பா" என்பேன். அநேகம் பேர் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

மாட்டிக்கொள்வதில் தப்பில்லை, நானும் அப்படி முழித்தவன்தான். போட்டோவைப் பார்த்துப் படம் போடுவது ஒரு வேலை, எதிரே இருக்கும் பொருளைப் பார்த்து வரைவது வேறு வேலை. கல்லூரியில் இரண்டாவதைத்தான் கேட்பார்கள், இரண்டாவதைத்தான் சொல்லியும் கொடுப்பார்கள். டெல்டாவில் பிறந்து ஓவியம் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் திண்ணையில் சொல்வதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொம்பு

கல்லூரி, விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்து பாருங்கள். ஒரு பித்தளைச் சொம்பைத் தரையில் வைத்து, நாலடி தள்ளி நாற்காலியில் உட்காருங்கள். சொம்பின் வாய் வட்டம் என்பது நமக்குத் தெரியும். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அது வட்டமாகத் தெரியாது, நசுங்கிய நீள்வட்டமாகத் தெரியும். அதன் இரண்டு முனைகளும் மீன் வால் போலக் கூராக முடியாது, வளைந்துதான் திரும்பும். அடுத்தது, அடிப்பாகம். தரையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறதே என்று நினைத்து நேர்க்கோடாகப் போட்டுவிடுவார்கள். தப்பு. அடியும் வளைவுதான். நம் கண் மட்டத்திலிருந்து வாயைவிடக் கீழே இருப்பதால், அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கொஞ்சம் அதிகமாகவே திறந்திருக்கும். இந்த ஒரு விஷயம் கண்ணுக்குப் பட்டுவிட்டால் அண்டா, குடம், வாளி, தேர்ச்சக்கரம், மனிதக் கழுத்து எல்லாம் ஒரே கணக்கில் வந்துவிடும்.

போன வருஷம் பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சொம்பு சொதப்பிவிட்டது. "ஒரு வாரம் கழிச்சு வாம்மா" என்று அனுப்பினேன். மறுவாரம் ஒரு லாங் சைஸ் நோட்டு நிறையச் சொம்பு போட்டுக்கொண்டு வந்தாள். முதல் பத்துப் பக்கம் பரிதாபம். நோட்டின் நடுவில் ஓரிடத்தில் அடிவளைவு சரியாக உட்கார்ந்திருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில் மறுபடி தப்பு. அப்புறம் தப்பவே இல்லை. அவள் அப்பாவிடம், "இவள் படிக்கட்டும்" என்று தைரியமாகச் சொன்னேன். திறமை இருக்கிறதா இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரே பொருளை ஒரு வாரம் சலிக்காமல் வரைய முடிகிறதா என்பதை மட்டும் பார்த்துச் சொல்வேன்.

வீட்டில் பேசுவது

"படம் போட்டுச் சோறு கிடைக்குமா?" இந்தக் கேள்விக்குக் கோபப்படாதீர்கள். குறுவைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-ஐயே பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில், மாதச் சம்பளத்தைப் பற்றிக் கேட்பது நியாயம்தான். ரவிவர்மா, பிக்காசோ என்று பதில் சொல்லாதீர்கள், எடுபடாது. நம்ம ஊர்க்காரர்களைச் சொல்லுங்கள். 1924-இல் தஞ்சாவூரில் பிறந்த கோபுலு, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு ஆனந்த விகடனுக்குப் போனவர். தமிழ்நாட்டுக் குடும்பங்களின் முகங்களை அவர் கோட்டில் பார்த்தே ஒரு தலைமுறை வளர்ந்தது. வலது கை பக்கவாதத்தில் செயலிழந்தபோது இடது கையால் வரைந்தார். பூம்புகாரிலிருந்து போன பி. கிருஷ்ணமூர்த்தி, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்துச் சினிமாவில் கலை இயக்குநராகித் தேசிய விருதுகள் வாங்கினார். திருச்சிப் பக்கத்திலிருந்து போன ஆதிமூலம் காந்தியைக் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் வரைந்தார், இலக்கியப் பத்திரிகைகளுக்கு வரைந்தார், அப்புறம் அரூப ஓவியத்தில் பெரிய பெயராகவும் ஆனார்.

அதோடு நிறுத்தாமல் உண்மையையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தப் படிப்பு முடித்தவுடன் ஆர்டர் கையில் கொடுத்து யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். பள்ளி ஓவிய ஆசிரியர் வேலைக்கு அரசு எப்போதோ ஒருமுறைதான் ஆள் எடுக்கிறது, அதை மட்டும் நம்பிக் காத்திருந்து வயதைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். கிடைக்கிற வேலைகள் வேறு மாதிரி: அனிமேஷன், கேம், விளம்பர நிறுவனங்கள், சினிமாவில் கலைப் பிரிவும் காட்சிகளை முன்கூட்டியே படமாக வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டும், புத்தக ஓவியம், துணி வடிவமைப்பு, தனியார் பள்ளிகள், அருங்காட்சியகப் பாதுகாப்பு வேலை, சிலை வேலை. தனியாகப் படம் வரைந்து விற்று மட்டுமே வாழ்பவர்கள் குறைவு. பலர் ஒரு கையில் சம்பளத்துக்கு வேலையும் மறு கையில் சொந்தப் படமுமாகத்தான் ஓட்டுகிறார்கள். இதை முன்னாலேயே சொல்லிவிட்டால் பின்னால் வீட்டில் சண்டை குறையும்.

எந்தக் கல்லூரி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். திருச்சி கலைக்காவிரியும் திருவையாறு அரசு இசைக் கல்லூரியும் இசை, நடனத்துக்கானவை. "நுண்கலை" என்ற பெயரைப் பார்த்து அங்கே போய் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் உண்டு.

ஓவியத்துக்கு நம் வாசலிலேயே இருப்பது கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி. ஓவியம், சிற்பம், காட்சிவழித் தகவல் வடிவமைப்பு ஆகிய பிரிவுகளில் பி.எஃப்.ஏ. என்ற இளங்கலைப் பட்டம், நான்கு ஆண்டுப் படிப்பு. சிலை வார்க்கும் சுவாமிமலைப் பக்கம் இருப்பதே இதன் பெரிய சொத்து, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. தேவிபிரசாத் ராய் சௌத்ரியும் அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம். பணிக்கரைச் சுற்றியிருந்தவர்கள்தான் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். ஓவியம், சிற்பம் தவிர சுடுமண் கலை, துகிலியல் (துணி வடிவமைப்பு) போன்ற பிரிவுகளும் அங்கே உண்டு. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி முழுக்க மரபு வழி. கோயில் கட்டடக்கலை, மரபுச் சிற்பம், மரபு ஓவியம். ஸ்தபதியாகப் போக வேண்டும் என்றால் அதுதான் இடம். புதுச்சேரி அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. மயிலாடுதுறை, காரைக்கால் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சென்னையைவிட அது கிட்டம்.

கும்பகோணமா சென்னையா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். கையில் பணம் குறைவு, வீட்டிலிருந்து போய்வர முடியும் என்றால் தயங்காமல் கும்பகோணம். காலையில் வரைந்து, மாலையில் வீட்டில் சாப்பிட்டு, நாலு வருஷமும் கடன் இல்லாமல் படிக்கலாம். சென்னையில் கேலரி, அச்சகம், சினிமா, அனிமேஷன் ஸ்டூடியோ எல்லாம் பஸ் தூரம். இரண்டாம் வருஷமே வெளிவேலை பார்க்கலாம். ஆனால் அந்த வெளிவேலையே படிப்பைத் தின்றுவிடுவதும் நடக்கும். நான் கும்பகோணத்தில் படித்தேன், விடுமுறைக்கு விடுமுறை உழவன் எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னையில் கண்காட்சி பார்த்துவிட்டு வருவேன். எனக்கு அது ஒத்துவந்தது.

டிசைன் வேறு, ஓவியம் வேறு. அகமதாபாத்தில் இருக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி., ஐ.ஐ.டி.களின் பி.டெஸ். என்ற டிசைன் பட்டப் படிப்பு, ஃபேஷனுக்கான நிஃப்ட் எல்லாம் வாடிக்கையாளரின் தேவையை மனதில் வைத்துப் பொருளை வடிவமைக்கும் படிப்புகள். அவற்றுக்குத் தனி நுழைவுத் தேர்வுகள், ஐ.ஐ.டி.க்கு யூசீட். கட்டணமும் அதிகம், வேலை வாய்ப்பும் அதிகம். ப்ளஸ் ஒன்னிலேயே இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

ப்ளஸ் டூ முடிவதற்குள்

அறிவியல் குரூப் எடுத்தால்தான் சேர முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வணிகவியல் படித்துவிட்டு வந்தவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். டிசைன் பக்கம் போகிறவர்கள் மட்டும் அந்தந்த விதிமுறையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசுத் தேர்வுகள் துறை நடத்தும் ஓவியத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் என்று இரண்டு நிலை உண்டு. பிற்பாடு பள்ளி ஆசிரியர் வேலைக்கு உதவும் என்பதால் பள்ளியில் படிக்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள். மாவட்டத்தில் இருக்கும் ஜவகர் சிறுவர் மன்றத்தில் சின்ன வயதிலேயே சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

சாமான் நிறைய வேண்டாம். 2பி, 4பி, 6பி பென்சில், ஒரு பலகை, இரண்டு கிளிப், கார்ட்ரிட்ஜ் பேப்பர், பன்னிரண்டு போஸ்டர் கலர் பாட்டில், 2, 6, 10 எண் வட்டப் பிரஷ், ஒரு தட்டைப் பிரஷ். பிரஷ்ஷில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள், மட்டமான பிரஷ் உங்கள் கையையே சந்தேகப்பட வைத்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் பேப்பர் நமத்துவிடும். நமத்த பேப்பரில் பென்சில் வழுக்கும், வாட்டர்கலர் காயாமல் திட்டுத்திட்டாகப் பரவும், இரண்டு மாதம் பீரோவுக்கு அடியில் கிடந்தால் மஞ்சள் புள்ளிப் பூசணமும் வரும். பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மண்தரையைத் தொடாத உயரத்தில், படுக்கை வாட்டில் வையுங்கள். சுருட்டாதீர்கள். எனக்கு முதல் வருஷத்தில் வரைந்ததில் பாதி அப்படித்தான் போனது.

நுழைவுத் தேர்வு

விண்ணப்பம் வழக்கமாக ப்ளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டித்தான் வரும். தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும், ஆகவே மே மாதம் முழுக்கக் கல்லூரி இணையதளத்தை வாரம் இருமுறை பாருங்கள், அல்லது நேரில் ஒரு நடை போய் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிடுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் அலைவதைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

செய்முறைத் தேர்வில் பொதுவாகக் கேட்பவை: எதிரே வைக்கும் பொருள்களைப் பார்த்து வரைவது, ஒரு தலைப்பைக் கொடுத்து மனதிலிருந்து காட்சி அமைப்பது, வண்ணம் தீட்டுவது. சிற்பப் பிரிவு என்றால் களிமண்ணில் கை வைக்கச் சொல்லலாம். பொருள் வரைதலுக்குச் சொம்பு கை கொடுக்கும். மண்பானை, மடித்துப் போட்ட துண்டு, வாழைப்பழச் சீப்பு மூன்றையும் சேர்த்து வைத்துப் பழகுங்கள். சீப்பில் ஒவ்வொரு பழமும் ஒவ்வொரு திசைக்குத் திரும்பியிருக்கும், அதைச் சமாளித்துவிட்டால் வேறு எதையும் சமாளிக்கலாம்.

மனதிலிருந்து வரைவதில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். "சந்தை" என்று தலைப்புக் கொடுத்தால் ஒரு மரம், மரத்தடியில் ஒரு கிழவி, தூரத்தில் ஒரு மலை. தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கே இருக்கிறது மலை? காலண்டரில் பார்த்த சந்தை அது. கும்பகோணம் காய்கறி மார்க்கெட்டில் விடிகாலையில் நின்று பார்த்தவன் வேறு மாதிரி வரைவான். மூட்டைக்குப் பின்னால் தலை மட்டும் தெரியும் ஆள், ஈரச் சாக்கு, மேலேயிருந்து தொங்கும் ஒற்றை பல்பு. தேர்வுக்கு முன் மூன்று மாதம் பஸ் ஸ்டாண்ட், ரேஷன் கடை, நடவு வயல், நெல் கொள்முதல் நிலையம் என்று போய் நின்று, ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்று வேகமாக ஸ்கெட்ச் போடுங்கள். முகம் வேண்டாம், நிற்கும் விதம் போதும். நாற்று நடும் பெண்ணின் முதுகு எங்கே வளைகிறது, எடை எந்தக் காலில் இருக்கிறது. அந்த இரண்டும் வந்துவிட்டால் ஆள் வந்துவிட்டது.

முதல் இரண்டு வருஷம்

சேர்ந்தவுடன் ஒரு ஏமாற்றம் வரும். முருகன் வரைந்து ஊரில் கைதட்டல் வாங்கியவனைக் கட்டை, பெட்டி, பிளாஸ்டர் மூக்கு வரையச் சொல்வார்கள். ஸ்டில் லைஃப் (பொருள்), லைஃப் ஸ்டடி (ஆள்), அவுட்டோர் (வெளியிடம்), காம்போசிஷன் (காட்சி அமைப்பு) என்று வண்டி ஒரே தடத்தில் ஓடும். பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி உண்மையில் கொடுப்பது நேரம். காலையிலிருந்து மாலை வரை நீங்கள் படம் வரைந்துகொண்டிருந்தால் யாரும் "வேலைவெட்டி இல்லையா?" என்று கேட்க மாட்டார்கள். வாழ்க்கையில் அப்படி ஒரு நாலு வருஷம் மறுபடி கிடைக்காது. டீக்கடையில் கழிந்த நேரத்தை நினைத்து எனக்கு இப்போதும் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு.

ஆசிரியர்கள் பல தினுசு. சிலர் உங்கள் படத்தின் மேலேயே அழித்துத் திருத்துவார்கள், சிலர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டாவது வகைதான் மோசம். அப்படிப்பட்டவரிடம் மாட்டினால், "சார், எது சரியில்லை என்று ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இல்லையென்றால் சீனியர்களிடம் காட்டுங்கள். என் படத்தில் நிழல் எல்லாம் ஒரே கறுப்பாக இருக்கிறது என்று சொன்னது ஒரு சீனியர் அண்ணன்தான். நிழலுக்குள்ளும் தரையிலிருந்து எகிறி வரும் வெளிச்சம் உண்டு என்று வெள்ளைச் சட்டையின் அக்குளைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது

டெல்டாப் பிள்ளைகளுக்கு இருக்கும் வசதி, குஜராத்தில் பேர்போன பரோடா ஓவியக் கல்லூரியில் படிப்பவருக்குக்கூடக் கிடையாது. சைக்கிள் தூரத்தில் ஆயிரம் வருஷச் சிற்பம் இருக்கிறது. ஆனால் சாமி கும்பிடப் போன கண்ணோடு போனால் ஒன்றும் தெரியாது.

தாராசுரத்தில் தொடங்குங்கள். இரண்டாம் இராசராசன் காலத்து ஐராவதேசுவரர் கோயில், 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கே ஒரு சின்னப் புடைப்புச் சிற்பம்: யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும். ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கம் மறைத்தால் காளை. ஒரே கோடு இரண்டு வேலை பார்ப்பதை இதைவிட எளிதாக யாரும் சொல்லித்தர முடியாது. அதை வரைந்து பாருங்கள், கொம்பு எங்கே தந்தமாகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு காலைப்பொழுது போய்விடும். வெளியே நாயன்மார் கதைகளைச் சொல்லும் சிறு சிறு சிற்பங்களும் உண்டு. இரண்டு மூன்று உருவத்தில் ஒரு கதையையே முடித்திருப்பார்கள், ஸ்டோரிபோர்டு பழகுகிறவர்களுக்குப் பாடம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். மேலே நாயக்கர் காலத்து ஓவியப் பூச்சு, அது உதிர்ந்த இடத்தில் கீழே சோழர் ஓவியம். அந்தச் சுற்று பொதுமக்களுக்குத் திறந்திருப்பதில்லை, ஆகவே நல்ல அச்சுப் பிரதியில் பாருங்கள். சுந்தரர் வெள்ளை யானையில் கயிலைக்குப் போகும் காட்சியில் கோடு எங்கே தடிக்கிறது, எங்கே இளைக்கிறது என்று டிரேசிங் பேப்பரில் தொடர்ந்து பாருங்கள். பிறகு அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போய்ச் செப்புத் திருமேனிகளைப் பின்பக்கத்திலிருந்து வரையுங்கள். முன்பக்கத்தைத்தான் எல்லோரும் வரைகிறார்கள். திருவாரூரில் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் என்ற அரசனின் கதை ஓவியமாக இருக்கிறது, ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம். கழுத்து வலிக்கும், ஆனாலும் போங்கள். மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள் இருக்கின்றன, தூரம் போகப் போகப் பொருள் சிறுத்துத் தெரிவதை வரையும் பெர்ஸ்பெக்டிவ் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. 2028 மகாமகத்துக்குள் கை ஓடிவிட்டால் கூட்டத்தையும் வரையலாம்.

சுவாமிமலைக்கு ஒரு நாள் பார்க்கப் போவது சுற்றுலா. ஒரு பட்டறையில் பேசி அனுமதி வாங்கி, ஒரு மாதம் வாராவாரம் போய் மூலையில் உட்காருங்கள். செய்ய வேண்டிய சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்துத் தாளம் என்ற உடல் அளவுக் கணக்கில் பிரித்துக்கொள்வார்கள். ஒடியோலை என்று பெயர். அளவுகோலே கிடையாது, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்பது ஓலையின் மடிப்பில் இருக்கும். தேன்மெழுகும் குங்கிலியப் பிசினும் கலந்து உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைக் குழைத்துப் பூசுவார்கள். முதல் பூச்சுதான் உயிர். நகத்தின் கோடுவரை மெழுகில் இருப்பதை மண் வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்கு ஆற்று வண்டலின் நைசு வேண்டும். காய்ந்த அச்சைச் சூடாக்க, மெழுகு உருகி வெளியே வரும், அந்த வெற்றிடத்தில் உலோகம் போகும். ஆறியதும் அச்சை உடைத்தாக வேண்டும். ஆகவே ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான்.

நான் பார்த்துக்கொண்டிருந்த பட்டறையில் ஒருநாள் வார்ப்பில் ஒரு விரல் விழவில்லை. மெழுகில் இருந்த விரல், உலோகத்தில் இல்லை. "என்னங்கய்யா ஆச்சு?" என்று கேட்டேன். "காத்து போக வழி விடல தம்பி" என்றார் ஸ்தபதி, அவ்வளவுதான். அன்றைக்கே அடுத்த மெழுகை எடுத்துப் பிசைய ஆரம்பித்துவிட்டார். எங்கள் வகுப்பில் ஒரு சப்மிஷன் சரியில்லை என்றால் நாங்கள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம்.

தஞ்சாவூர் ஓவிய வகுப்பில் சேரலாமா என்று கேட்பார்கள். சேரலாம். பலகையில் துணி ஒட்டுவது, மக்குப் பசை வைத்து மேடு எழுப்புவது, கல் பதிப்பது, தங்க ரேக் ஒட்டுவது எல்லாம் கைக்கு நல்ல பழக்கம், வருமானமும் உண்டு. கலைக் கல்லூரியில் சிலர் அதை வெறும் வியாபாரம் என்று இளக்காரமாகப் பேசுவார்கள். பேசியவர்களில் ஒருவருக்கும் மக்குப் பதம் தெரியாது. ஆனால் அது பி.எஃப்.ஏ.க்கு மாற்று கிடையாது. அங்கே உருவம் தயாராக இருக்கிறது, இங்கே உருவத்தை நீங்கள்தான் தேட வேண்டும். சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் செய்யும் கலம்காரியையும் துணி வடிவமைப்பில் ஆர்வம் உள்ளவர்கள் பார்த்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர், ஏஐ

முதல் வருஷத்தில் லேப்டாப்புக்காக வீட்டில் கடன் வாங்க வைக்காதீர்கள். மூன்றாம் வருஷத்தில் வாங்கினால் போதும். படம் வரையும் கிருதா, அனிமேஷன் செய்யும் பிளெண்டர் என்ற இரண்டு மென்பொருளும் இலவசம், அவற்றில் பழகியவருக்கு மற்றவை கஷ்டமில்லை. ஏஐ வந்ததில் கல்யாண பேனர், மலிவான புத்தக அட்டை மாதிரி வேலைகள் குறைந்துவிட்டன, மறைப்பதற்கில்லை. என்னிடம் வந்துகொண்டிருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் இப்போது வருவதில்லை. ஆனால் சுவர் ஓவியத்துக்கும், கோயில் ஓவியம் பழுது பார்ப்பதற்கும், சினிமா செட்டுக்கும், நேரில் நின்று கற்றுத்தருவதற்கும் ஆள்தான் வேண்டியிருக்கிறது.

போர்ட்ஃபோலியோ, உதவித்தொகை, கண்காட்சி

போர்ட்ஃபோலியோவில், அதாவது உங்கள் படத் தொகுப்பில், 15 முதல் 20 படம் போதும். ஐம்பது வைத்தால் மோசமான முப்பதைத்தான் பார்ப்பவர் நினைவில் வைத்திருப்பார். முடிந்த படங்களோடு நாலைந்து ஸ்கெட்ச் பக்கங்களையும் வையுங்கள், எப்படி யோசிக்கிறீர்கள் என்று அதில்தான் தெரியும். படத்தைப் போட்டோ எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், திண்ணை நிழல் நல்லது. கேமரா படத்துக்கு நேரெதிராக இருக்க வேண்டும், சாய்ந்தால் சதுரம் கோணிவிடும். அளவு, ஊடகம், வருஷம் மூன்றையும் உடனே எழுதி வையுங்கள். இரண்டு வருஷம் கழித்து நினைவிருக்காது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், சேர்ந்தவுடன் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். மத்திய பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயதுவரை உள்ள இளம் கலைஞர்களுக்கு இரண்டு வருஷம் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது, காட்சிக் கலைக்கும் உண்டு. நம்மூர்ப் பிள்ளைகள் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. தஞ்சாவூரில் இருக்கும் தென்னகப் பண்பாட்டு மையம், சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமி இரண்டின் அறிவிப்புகளிலும் ஒரு கண் இருக்கட்டும். கொச்சி பியனாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி நடக்கும் வருஷத்தில் நாலு பேர் சேர்ந்து ரயிலில் போய்விட்டு வாருங்கள். மாணவர்களுக்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. முதல் நாள் "இதெல்லாம் கலையா?" என்றுதான் தோன்றும். இரண்டாம் நாளும் சுற்றிவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதுகலைப் படிப்பான எம்.எஃப்.ஏ. இரண்டு வருஷம். அதற்கு வெளியே போவதுதான் என் யோசனை. சாந்திநிகேதன் கலாபவன், பரோடா, ஹைதராபாத் மாதிரி இடங்களுக்குப் போனால் வேறு மாதிரி யோசிப்பவர்களோடு பழக வேண்டிவரும். மொழி பயம் மூன்று மாதத்தில் போய்விடும்.

பணம் வாங்குவது

இதைக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. படிப்பு முடிந்த வருஷம் ஒரு பதிப்பகத்துக்குப் பன்னிரண்டு அட்டைப்படம் வரைந்து கொடுத்தேன். "புத்தகக் கண்காட்சி முடியட்டும் தம்பி" என்றார்கள். எத்தனையோ கண்காட்சி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று பழக்கம் வைத்துக்கொண்டேன். பாதிப் பணம் முன்பணம். எத்தனை படம், எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதி என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குவது. மீதிப் பணம் வரும்வரை சின்ன அளவுப் படத்தை மட்டும் அனுப்புவது. மூலப் படம் உங்களுடையது, அச்சிடும் உரிமைதான் அவர்களுடையது என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பான் கார்டு எடுத்து வையுங்கள். கம்பெனிகள் டி.டி.எஸ். என்று வரி பிடித்தால், உங்கள் வருமானத்துக்கு அந்த வரி வராதபட்சத்தில், கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சொந்தக்காரர்கள் "நம்ம பையன்தானே" என்று கிரகப்பிரவேசத்துக்குச் சுவர் ஓவியம் கேட்பார்கள். பெயிண்ட் விலையையாவது வாங்கிவிடுங்கள்.

படித்து முடித்தபின் வரைய ஓர் இடம்

பட்டம் வாங்கிய மறுவருஷம் நிறையப் பேர் வரைவதை நிறுத்திவிடுகிறார்கள். கல்லூரிக் கூடம் இல்லை, வீட்டில் இடமில்லை, ஈசலை விரித்தால் அம்மா நெல் மூட்டையை எங்கே வைப்பாள்? சென்னையில் ஸ்டூடியோ வாடகைக்கே சம்பளம் போகும். இதில் மட்டும் நாம் கொடுத்துவைத்தவர்கள். டெல்டா கிராமங்களில் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடும் மாடில்லாத கொட்டிலும் எங்கும் உண்டு. நாலு நண்பர்கள் சேர்ந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். என்னுடையது பழைய மாட்டுக் கொட்டில்தான். தரையைச் சாணி மெழுகுவதை நிறுத்திச் சிமெண்ட் போட்டேன், கரையானுக்காகச் சுவரோரம் ஒரு சாண் விட்டுத்தான் படங்களை அடுக்குகிறேன்.

வெளிச்சத்துக்குக் கூரையில் நாலைந்து ஓடுகளைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி ஓடு மாட்டுங்கள். தெற்குச் சரிவில் மாட்டினால் வெயில் கட்டம் நாள் முழுக்கப் பேப்பர் மேல் நகர்ந்துகொண்டே இருக்கும், வரைய முடியாது. வடக்குச் சரிவில் மாட்டுங்கள். நம் ஊரில் உச்சிச் சூரியன் உயரத்தில் இருப்பதால் அந்தப் பக்கமும் கொஞ்சம் வெயில் இறங்கும், சித்திரையிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை சூரியன் வடக்கே சாய்வதால் இன்னும் கூடும், ஓட்டுக்குக் கீழே ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டால் போதும்.